தலைமையும் அணியும் ஒரே பட்டறையில்

(தொழிற்சங்க ஊழியர் பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



தலைமைப் பண்பு என்பது தேர்ந்தெடுத்த சிலருக்குத் தனியே அழைத்துப் புகட்ட வேண்டிய பாடம் என்றே முதலாளித்துவ நிர்வாகம் பெரும்பாலும் கருதுகிறது. பயிற்சி பெற்றவர் திரும்பி வருகிறார். அவருடைய அணியோ பழைய நிலையிலேயே நிற்கிறது. தொழிற்சங்கங்களிலும் இப்போக்கு இல்லாமல் இல்லை. செயலாளர் ஒருவரே சட்டம் படிக்கிறார். அவரே பேச்சுவார்த்தைக்குச் செல்கிறார். அவரே கணக்கும் எழுதுகிறார். அவர் பணி ஓய்வு பெறும் நாளில் கிளையும் ஓய்ந்துவிடுகிறது.

இதற்கு மாற்றான அனுபவம் ஒன்று கேரளத்தின் கண்ணூரில் உண்டு. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கேரள அரசு நடைமுறைப்படுத்த முற்பட்டபோது, மங்களூரின் பெரும் பீடி முதலாளிகள் அங்கிருந்த தங்கள் பட்டறைகளை மூடினர். ஏறத்தாழ 12,000 பேர் வேலையிழந்தனர். இ.எம்.எஸ். தலைமையிலான அன்றைய அரசின் ஆதரவுடன் 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஏறத்தாழ 3,000 பேருடன் தொடங்கிய அச்சங்கம், பிற்காலத்தில் 30,000க்கும் மேற்பட்டோருக்கு வேலையளித்தது.

கூலிக்குப் பீடி சுற்றியவர்களுக்கு ஒரு தொழிலையே நடத்தும் ஆற்றல் எங்கிருந்து வந்தது? சங்கம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே பட்டறைகளில் ஒருவர் நாளிதழை உரக்க வாசிப்பார். மற்றவர்கள் பீடி சுற்றியவாறே கேட்பர். வாசிப்பவரின் கூலி குறையாதிருக்க, தாம் சுற்றியதில் ஒரு பங்கை அவருக்கு அளிப்பர். வாசித்ததன் மீது விவாதம் எழும். வாசித்தவரும் வளர்ந்தார்; கேட்டவர்களும் வளர்ந்தனர். போராட்டங்களை வழிநடத்தியவர்கள் இத்தகைய பட்டறைகளிலிருந்தே எழுந்தனர்.

கூட்டுறவு அமைப்பும் இதனை ஒட்டியே அமைந்தது. மத்திய சங்கம் இலையும் புகையிலையும் வாங்கித் தந்து, பீடியை விற்றது. உற்பத்தி தொடக்கச் சங்கங்களில் நடந்தது. அவற்றின் இயக்குநர்களைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்தனர். தனியார் பட்டறையில் தரம் பார்ப்பதென்பது பீடியைக் கழித்துக் கூலியைப் பறிக்கும் கருவியாக இருந்தது. கூட்டுறவிலும் தரம் பார்த்தாக வேண்டும். மட்டமான பீடி விலைபோகாது. ஆயினும் இங்கே நிர்வாகம் தொழிலாளர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தது.

இதனால் எல்லா இடர்களும் நீங்கிவிடவில்லை. பீடிக்கான தேவை சுருங்கியதால் தொழிலாளர் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. உணவுப் பொருள், குடை, ஆடை எனச் சங்கம் வேறு தொழில்களில் இறங்க நேர்ந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டோர் அதிகாரிகளாக மாறிவிடும் அபாயமும் எந்தக் கூட்டுறவுக்கும் உண்டு. கணக்கைப் படிக்கத் தெரிந்த உறுப்பினர்களே அதற்குத் தடை.

ஆகவே, தோழர்களே, கிளைகளின் உடனடிக் கடமைகள் மூன்று. பேச்சுவார்த்தைக்குச் செல்லும் குழுவில் ஒவ்வொரு முறையும் புதியவர் ஒருவர், குறிப்பாகப் பெண் தொழிலாளரோ ஒப்பந்தத் தொழிலாளரோ, இடம்பெற வேண்டும். வரவு செலவு பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட்டு விவாதிக்கப்பட வேண்டும். வகுப்புக்குச் சென்றவர் கற்றதை ஒரு வாரத்திற்குள் தம் பிரிவினர் முன் எடுத்துரைத்து, அவர்களது கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். இன்று இங்கு அமர்ந்திருக்கும் தோழர்களுக்கும் அந்த ஒரு வாரம் இன்றே தொடங்குகிறது.