உயிர் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

(கொமரலிங்கத்தில், நமது அறக்கட்டளையின் கோடைக்கால அறிவியல் வகுப்பில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)

 

போன வாரம் உங்களுக்கு ஒரு சின்னத் தேர்வு வைத்தோம். உயிருள்ளவற்றின் பண்புகள் எவை என்று கேட்டிருந்தோம். உண்ணுதல், சுவாசித்தல், அசைதல், வளர்தல், தூண்டலை உணர்தல், கழிவை நீக்குதல், இனப்பெருக்கம் செய்தல் என ஏழையும் ஏறக்குறைய எல்லோரும் பிழையில்லாமல் எழுதிவிட்டீர்கள். எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தாள்களை வாங்கி வைத்த பிறகு ஒரு பையன் எழுந்து ஒரு கேள்வி கேட்டான். அதற்கு அன்று எங்களால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இன்றைய உரை.

அவன் கேட்டது இதுதான். "எங்க அத்தா வேலை பார்க்கிற கம்பெனியில நிட்டிங் மெஷின் இருக்கு. அது நூலைச் சாப்பிடுது. சுத்திக்கிட்டே இருக்கு. துணி வளர்ந்துக்கிட்டே வருது. பஞ்சுத் தூசியை வெளியே தள்ளுது. ஒரு நூல் அறுந்தா அதுக்கே தெரிஞ்சு தானா நின்னுடுது. அப்போ அதுக்கு உயிர் இருக்கா?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாங்கள் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி. ஏழில் ஐந்து பண்புகளை அவன் அந்த மெஷினில் காட்டிவிட்டான். அப்படியானால் எங்கே வேறுபாடு?

அந்த மெஷின் நூலை எடுக்கிறது. ஆனால் நூல் மெஷினின் உடம்பாக மாறுவதில்லை. நீங்கள் சாப்பிட்ட இட்லி உங்கள் எலும்பாகவும் தசையாகவும் ரத்தமாகவும் மாறுகிறது. துணி வளர்கிறது, மெஷின் வளர்வதில்லை. மெஷினில் ஓர் ஊசி ஒடிந்தால் ஃபிட்டர் வந்து புது ஊசி போட வேண்டும். உங்கள் முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டால் உள்ளேயிருந்தே புதுத் தோல் வந்து மூடுகிறது. எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் அது குட்டி போடுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உயிருள்ள எதுவும் செல்களால் ஆனது. ஒரே செல்லால் ஆன பாக்டீரியாவும் அப்படித்தான், பல லட்சம் கோடி செல்களால் ஆன மனிதனும் அப்படித்தான். மெஷினில் செல் இல்லை.

ஆகவே ஒரு பண்பை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. மேகம் நகர்கிறது, தீ பரவுகிறது, உப்புப் படிகம் வளர்கிறது. அவற்றுக்கு உயிர் இல்லை. கோவேறு கழுதை பொதுவாகக் குட்டி போடாது. ஆனால் அதற்கு உயிர் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டோம். எல்லாப் பண்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது இதற்கு நேர் எதிரான கேள்வி. பார்த்தால் உயிரே இல்லாதது போல் கிடக்கும் ஒன்றுக்கு உயிர் இருக்குமா?

நமக்கு மேலே இருக்கும் அமராவதி அணைக்குப் போயிருப்பீர்கள். அங்கே முதலைகள் கரையில் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்கும். பொம்மை என்றே சில பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். ஆனால் அது அப்போது சும்மா இருக்கவில்லை. வெயிலில் உடம்பைச் சூடாக்கிக் கொள்கிறது. வாயைத் திறந்து வைத்து சூடு மிஞ்சாமல் பார்த்துக் கொள்கிறது. அது மண்ணில் இடும் முட்டைகளில் ஆண் குட்டி வருமா, பெண் குட்டி வருமா என்பதைக் கூட்டின் வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது.

முதலையாவது எப்போதாவது அசையும். விதைநெல்? நம் கொமரலிங்கம் வாய்க்கால் பாசனத்தில் நெல் போடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியும். விதையைச் சாக்கில் கட்டி ஊறப்போட்டு, எடுத்து மூட்டம் போடுவார்கள். மறுநாள் அந்தச் சாக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள், கதகதவென்று இருக்கும். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? விதை சுவாசிக்கிறது. தனக்குள் சேர்த்து வைத்த மாவுப் பொருளைச் செலவழிக்கிறது. அதனால் வரும் சூடு அது. குதிரில் கிடந்தபோதும் அது மிக மெதுவாகச் சுவாசித்துக் கொண்டுதான் இருந்தது.

இந்த உறக்கம் எவ்வளவு காலம் நீளும்? சாக்கடல் அருகே மசாதா என்ற பழைய கோட்டையில் 1960-களில் அகழாய்வு செய்தபோது பேரீச்சை விதைகள் கிடைத்தன. சுமார் 2000 ஆண்டுப் பழமையானவை. அவற்றில் ஒன்றை 2005-இல் நட்டார்கள். அது முளைத்து மரமானது. நோன்பு திறக்கும்போது நாம் துப்பும் கொட்டையைப் போன்ற ஒன்றுதான், பிள்ளைகளே!

செடிகளுக்கு உணர்வு உண்டா என்றும் கேட்டீர்கள். தொட்டாச்சிணுங்கி இலை மூடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மற்றச் செடிகளும் தூண்டலுக்குத் துலங்குகின்றன என்பதை ஜகதீச சந்திர போஸ் கருவிகள் செய்து காட்டினார். 1901-இல் லண்டனில் அதை விளக்கினார். செடியின் வளர்ச்சியைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியும் அவர் செய்ததே. அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும் செடி ஒவ்வொரு நொடியும் வளர்வதை அது காட்டியது.

இனி, இதெல்லாம் மதிப்பெண்ணுக்கு மட்டுமா என்ற கேள்விக்கு வருகிறோம்.

வீட்டில் இரண்டு தட்டுகளில் ஈரத்துணி விரித்துப் பத்துப் பத்து பச்சைப்பயறு வையுங்கள். ஒன்றில் நல்ல தண்ணீர் தெளியுங்கள். மற்றதில், ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு கரண்டி உப்புக் கலந்து தெளியுங்கள். மூன்றாம் நாள் பாருங்கள். முதல் தட்டில் முளை வந்திருக்கும். இரண்டாவதில் வராது, வந்தாலும் சிறுத்திருக்கும். உப்பு மிகுந்த நீரிலிருந்து செல்லால் தண்ணீரை இழுக்க முடிவதில்லை. தண்ணீர் சுற்றியிருந்தும் விதைக்குத் தாகம்.

நம் மாவட்டத்தில் இந்தத் தட்டு ஒரு காலத்தில் ஆறாகவே இருந்தது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு நிறைய வேண்டும். சாயக் கழிவோடு அந்த உப்பும் நொய்யலில் கலந்தது. விவசாயத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் கட்டிய அணையில் சாயக் கழிவு நீர் தேங்கியது. அந்த நீரில் பயிர் வைக்க முடியாமல் விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை முழுவதும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்போது வேலையிழந்து நின்றவர்களும் நம்மைப் போன்ற குடும்பத்தினர்தான். இன்று கழிவு நீரைச் சுத்திகரித்துத் திரும்பவும் பயன்படுத்தும் முறை வந்திருக்கிறது. அந்த நிலையங்களை இயக்க வேதியியலும் உயிரியலும் படித்தவர்கள் வேண்டும்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பனியன் கம்பெனிக்கு அனுப்பினால் அந்த மாதமே சம்பளம் வரும் என்பதும் தெரியும். ஆனால் மெஷினைப் பார்த்து "இதற்கு உயிர் இருக்கா?" என்று கேட்கும் பிள்ளையை அந்த மெஷினுக்கு முன்னால் நிறுத்திவிட அவசரப்படாதீர்கள். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறோம். கட்டணம்தான் தடை என்றால் எங்களிடம் வாருங்கள். உட்கார்ந்து பேசி வழி பார்ப்போம்.

பிள்ளைகளே, அடுத்த வாரம் இரண்டு தட்டுகளையும் கொண்டு வாருங்கள். என்ன கண்டீர்களோ அதை மட்டும் எழுதுங்கள். முளைக்காமல் போயிருந்தாலும் மறைக்க வேண்டாம். ஏன் முளைக்கவில்லை என்பதிலிருந்துதான் அடுத்த வகுப்பு தொடங்கும்.