இறைச்சிக் கோழியின் படுக்கை

இறைச்சிக்காக வளர்க்கப்படும் கோழி, குஞ்சாகக் கொட்டிலுக்குள் வந்த நாள் முதல் ஏறக்குறைய ஆறு கிழமைகள் கழித்துக் கூடையில் ஏற்றப்படும் நாள் வரை ஒரே தரையில் வாழ்கின்றது. உண்பதும் உறங்குவதும் எச்சமிடுவதும் அங்கேயே. அத்தரையிற் பரப்பப்படும் கூளம் அதற்குப் பாயாகவும் கழிவிடமாகவும் ஒருங்கே அமைகின்றது. தீவனத்துக்கும் மருந்துக்கும் கணக்குப் பாராது செலவிடுவோர், ஒரு சாக்கு உமிக்குப் பணங் கொடுக்கத் தயங்குவது விந்தையே.

இலங்கையில் இதற்குப் பெரிதும் பயன்படுவன நெல் உமியும் மரத்தூளும். வவுனியா, மட்டக்களப்பு, அம்பாறை போன்ற நெல் விளையும் பகுதிகளில் உமி எளிதிற் கிடைக்கும். உமி அதிக நீரை உறிஞ்சாது. ஆயினும் காற்றுப் புக இடந்தருவதால் விரைவில் உலரும். மரத்தூள் நீரை மிகுதியாக உறிஞ்சும். ஆனால் அதன் நுண்துகள் குஞ்சுகளின் மூச்சுக் குழலை உறுத்தும். தீவனமென மயங்கி அவை அதனைக் கொத்தித் தின்பதும் உண்டு. பச்சை மரத்தின் ஈரத்தூளிற் பூஞ்சணம் பற்றினாலோ, அதன் வித்துக்கள் இளங்குஞ்சின் நுரையீரலிற் படிந்து உயிரையே மாய்த்துவிடும். தூளினும் சீவுளியாற் சீவிய மரச்சீவல் நன்று.

எனினும், எப்பொருள் என்பதினும் எத்துணை ஈரம் என்பதே பெரிய வினா. எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அமோனியா வாயு எழுகின்றது. காற்றின் பத்து இலட்சம் பங்கில் அது 25 பங்கைக் கடந்தால் கண் எரியும், மூச்சுக் குழலின் உட்சுவர் கெட்டு நோய்க் கிருமிகளுக்கு வழி திறக்கும், வளர்ச்சியும் குன்றும். நாள்தோறும் கொட்டிலுக்குட் செல்பவனுடைய மூக்கோ அந்நெடிக்குப் பழகிவிடுகின்றது. நின்றவாறே மோந்துவிட்டு, நெடியில்லை என்பான். கோழியின் தலையளவுக்குக் குந்தியிருந்து பார்த்தாலன்றோ அது சுவாசிக்கும் காற்று எத்தகையதெனத் தெரியும்! அயலவர் ஒருவரை அழைத்துக் கேட்பது இன்னும் நன்று.

ஈரக் கூளத்தில் நிற்கும் கோழியின் அடிப்பாதம் வெந்து, கறுத்து, புண்ணாகும். கால் நொந்த கோழி தீவனத் தட்டை நாடி நடவாது. உண்ணாத கோழி நிறை கொள்ளுமா? இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கொக்சிடியா என்னும் ஒட்டுண்ணியும் ஈரமும் வெம்மையும் கிடைத்தால் ஓரிரு நாட்களிலேயே தொற்றும் வலிமை பெற்றுவிடுகின்றது.

ஒரு பிடி கூளத்தை இறுகப் பொத்திக் கையை விரித்தால் அது உதிர்ந்துவிட வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. புழுதியாய்ப் பறந்தால் அதுவும் நன்றன்று. நூற்றுக்கு 20 முதல் 25 வீதம் வரையான ஈரமே ஏற்றது. கூளத்தை இரண்டு மூன்று அங்குலக் கனத்திற் பரப்பி, இடையிடையே கிளறிவிடல் வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்தின் விளிம்பு கோழியின் முதுகளவு உயர்ந்திருந்தால் சிந்துதல் குறையும். அதனைச் சுற்றிக் கட்டிபட்ட கூளத்தை அன்றன்றே வாரிவிட்டுப் புதிது இடுக. மாரி காலத்திற் சாரலுக்கு அஞ்சிக் கொட்டிலின் நாற்புறமும் சாக்கினால் மூடிவிடுவோர் உளர். சாரல் வெளியே நிற்கும். அமோனியா உள்ளே நிற்கும். கூரையைச் சற்று வெளியே நீட்டி, மேற்புறத்திற் காற்றோட ஒரு முழ இடைவெளி விடுதலே தக்கது.