கடவுள் வழி காட்டுகிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நம் உறுப்பினர் ஒருவர் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



போன வாரம் தலைவி அக்கா கூப்பிட்டு, "நீ சர்ச்சுக்குப் போறவ, கடவுள் நம்மை எப்படி நடத்துறார்னு பத்து நிமிஷம் பேசு" என்றார்கள். நான் பிரசங்கம் பண்ணுகிறவள் இல்லை. பதினெட்டு வருஷமாக எங்கள் குழுவில் ரொக்கப் புத்தகம் எழுதுகிறவள். அக்கா சொல்லிவிட்டதால் வந்து நிற்கிறேன். என் விசுவாசத்திலிருந்துதான் எனக்குப் பேசத் தெரியும். இங்கே பாதிப் பேருக்கு மேல் வேறு சாமி கும்பிடுகிறவர்கள் என்று தெரியும். ஆனால் கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதானே? இந்த லோனை வாங்கலாமா, இந்த மாப்பிள்ளைக்குப் பொண்ணைக் கொடுக்கலாமா, மலையை விட்டு வேலைக்குப் போகலாமா, வேண்டாமா? அதைத்தான் ராத்திரி படுக்கிறபோது நாம எல்லாரும் மேலே பார்த்துக் கேட்கிறோம்.

பதில் வேண்டும் என்று நாம செய்யாத வேலை கிடையாது. கோயிலில் பூ கட்டிப் பார்ப்பார்கள், வெள்ளைப் பூவா சிவப்புப் பூவா என்று. பல்லி எந்தப் பக்கம் கத்துகிறது என்று கவனிப்பார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள் அதைப் பார்த்து "ஐயோ, மூடநம்பிக்கை" என்போம். அப்புறம் வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல் படுகிற வசனம் எதுவோ அதுதான் பதில் என்போம். புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம் பாருங்க, பக்கத்தில் இருக்கிறவளுக்கு வந்த வசனம் நல்லா இருக்கே, நமக்கு இப்படி வந்துடுச்சே என்று முகம் வாடுகிறவர்கள் எத்தனை பேர்! நானும்தான். பூ கட்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஆயர் இதைப் படித்தால் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை.

என் கதையைச் சொல்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. மழைக்காலம். பாத்திரம் வைக்காத இடம் இல்லை. "ஆண்டவரே, ஒரு வழி காட்டும்" என்று மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தேன். மூன்றாம் நாள் காலையில் ஒரு தனியார் நிதி நிறுவனத்து ஆள் வாசலில் வந்து நிற்கிறார். அஞ்சு பேர் சேர்ந்தால் ஆளுக்கு முப்பதாயிரம், அடுத்த வாரமே கையில் பணம். எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. இதைவிட என்ன அடையாளம் வேணும்? கர்த்தர் அனுப்பினார் என்றே சொல்லி, நாலு பேரைச் சேர்த்துக் கையெழுத்துப் போட வைத்தேன்.

குழுவில் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? குழுவில் ஏற்கெனவே என் பேரில் உள்கடன் பாக்கி இருந்தது. சொன்னால் "வேண்டாம்" என்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான்.

கூரை போட்டேன். அது உண்மை. ஆனால் வாரத் தவணை வந்துகொண்டே இருந்தது. அந்த வருஷம் கரும்பு வெட்டு வேலை சரியாக இல்லை. ஆறாவது மாதம் என்னால் கட்ட முடியவில்லை. கூட்டுப் பொறுப்பு ஆச்சே, ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற நாலு பேர் கட்டியாக வேண்டும். கட்டுகிற வரைக்கும் வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். நாலு பேரில் ஒருத்தி, என்னைவிடச் சின்னவள், என்னை "பெரியம்மா" என்று கூப்பிடுகிறவள், சினை ஆட்டை விற்று என் தவணையைக் கட்டினாள். அவள் என்னைத் திட்டவே இல்லை. "கர்த்தர் அனுப்பினார்னு சொன்னீங்களே பெரியம்மா" என்று மட்டும் கேட்டாள். இன்று வரை அந்தக் கேள்வி எனக்குள் இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் கொடுக்கவில்லை.

அப்புறம்தான் நான் யோசிக்க ஆரம்பித்தேன். ஜெபித்தேன், ஆள் வந்தார். இரண்டும் உண்மை. ஆனால் நான் ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டு, அதற்குக் கடவுளின் கையெழுத்தை நானே போட்டுக்கொண்டேன். அதைக் காட்டிக் கொடுத்தது எது தெரியுமா? மறைத்தது. கடவுள் காட்டின வழி என்றால் அதை ஏன் நான் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் சொல்லப் பயந்தேன்?

வேதாகமத்தில் சாமுவேல் என்று ஒரு சின்னப் பையன் கதை வரும். ராத்திரி யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்கிறது. எழுந்து பெரியவர் ஏலியிடம் ஓடுகிறான். "நான் கூப்பிடலையே, போய்ப் படு" என்கிறார். இப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவைதான் அந்தக் கண் மங்கின கிழவருக்கு இது கடவுளின் சத்தம் என்று புரிகிறது. கவனியுங்கள், சத்தம் கேட்டது பையனுக்கு. அது யார் என்று சொன்னது கிழவர். ஒருத்தருக்கே இரண்டும் கிடைக்கவில்லை. எனக்கு அந்த ஏலி யார்? பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து, வாங்கின கடனையும் கட்டாத தவணையையும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கிற என் குழுதான். மலைக்கு அந்தப் பக்கம் தர்மபுரியில் 1989-ல் இந்த மாதிரிக் குழுக்களை ஆரம்பித்தபோது கடவுளின் சித்தத்தைச் சோதிக்க என்று ஆரம்பிக்கவில்லைதான். ஆனால் எனக்கு அதுக்கும் உதவுகிறது.

இன்னொரு கதை. இது நம்ம பக்கத்து ஊரில் நடந்தது. 2019-லிருந்துதான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். ஒரு காலத்தில் நாமும் திண்டிவனமும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். அந்தத் திண்டிவனத்தில், 1890-களின் தொடக்கத்தில், ஐடா ஸ்கடர் என்ற இருபது வயசைத் தாண்டிய அமெரிக்கப் பெண் அப்பா அம்மாவுடன் இருந்தாள். பிறந்தது ராணிப்பேட்டையில், 1870-ல். தாத்தா மிஷனரி டாக்டர், அப்பாவும் மிஷனரி டாக்டர். சின்ன வயசில் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவள். அதனாலேயே இந்த ஊரும் வேண்டாம், இந்த ஊழியமும் வேண்டாம் என்று இருந்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பார்த்துக்கொள்ள வந்தாள், அவ்வளவுதான். திரும்பிப் போய்விடுவது என்பதுதான் அவள் கணக்கு.

ஒரு ராத்திரி கதவைத் தட்டுகிற சத்தம். ஒரு பிராமணர். மனைவிக்குப் பிரசவ வலி, பிள்ளை வரவில்லை, நீங்கள் வர வேண்டும் என்கிறார். "எனக்கு மருத்துவம் தெரியாது, எங்கள் அப்பா வருவார்" என்கிறாள். ஆண் டாக்டர் வேண்டாம் என்று அவர் போய்விடுகிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் வருகிறார். அதே கேள்வி, அதே பதில். அப்புறம் இன்னொரு இந்துக் குடும்பத்துக்காரர். அவரும் அப்படியே போய்விடுகிறார். விடிந்தபோது மூன்று பெண்களும் செத்துப்போயிருந்தார்கள்.

அவள் அன்றைக்குத்தான் முடிவு பண்ணினாள், நான் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டுத் திரும்பி வருவேன் என்று. 1899-ல் படிப்பு முடிந்தது. அடுத்த வருஷம் வேலூர் வந்து சேர்ந்தாள். 1902-ல் பெண்களுக்கு ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. இன்றைக்கு நாம "வேலூர் சி.எம்.சி." என்று எழுதிக்கொடுத்தால் ஓடுகிறோமே, அது இப்படி வந்ததுதான்.

இந்தக் கதையை எத்தனையோ கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். எப்போதும் ஐடா அம்மாவோடு முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த மூன்று பெண்கள் ஞாபகம்தான் வரும். நான் கேட்ட எந்தக் கூட்டத்திலும் அவர்கள் பேரைச் சொன்னதில்லை. கடவுள் ஒருத்திக்கு வழி காட்ட மூன்று பேரைச் சாக விட்டார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்களைக் கொன்றது, ஆண் கை படக்கூடாது என்ற கட்டுப்பாடும், பெண் டாக்டர் இல்லாத ஊரும். கடவுள் அந்தத் தட்டுகிற சத்தத்தில் இருந்தார் என்று மட்டும் நினைக்கிறேன். வானத்திலிருந்து குரல் வரவில்லை. வந்தவர்கள் மூன்று பேருமே கிறிஸ்தவர்கள் இல்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்த பதிலும் அது இல்லை. அவள் ஆசைக்கு நேர் எதிராக இருந்தது. என் கூரை லோனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பாருங்கள். எனக்கு வந்த "அடையாளம்" நான் கேட்டதையே கொடுத்தது, பாரத்தை மற்ற நாலு பேர் தலையில் வைத்தது. அவளுக்கு வந்தது அவள் கேட்காதது, பாரம் அவள் தலையில்.

எல்லா நேரமும் இப்படித் தெளிவாக இருக்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கணக்குப் பார்க்க மலையில் ஒரு குழுவுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு அக்கா, பேர் சொல்லவில்லை, அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். அம்மாவுக்கு ஆபரேஷன் செய்யப் பணம் வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாரமே மேஸ்திரி வந்து, கர்நாடகாவில் காப்பித் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு வரணும் என்று வீட்டுக்காரர் கையில் நாற்பதாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டார். "சாமி வழி விட்டுடுச்சு" என்றார்கள். ஒன்பதாவது படிக்கிற பொண்ணையும் பள்ளிக்கூட விடுதியிலிருந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

எனக்கு உடனே என் கூரை ஞாபகம். ஆனால் நான் வெளியூர்க்காரி, வாயைத் திறக்கவில்லை. குழுவில் ஒரு பாட்டி, கையெழுத்துப் போடத் தெரியாதவர், கைநாட்டு வைக்கிறவர், கேட்டார்: "அம்மாளைக் காப்பாத்தப் போறே, சரி. பொண்ணைக் கேட்டியா?" அவ்வளவுதான். அந்த அக்கா அழ ஆரம்பித்துவிட்டார்கள். பொண்ணிடம் கேட்கவே இல்லை. இரண்டு மணி நேரம் பேசினோம். குழு பதினைந்தாயிரம் உள்கடன் கொடுத்தது. முன்பணத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர் மட்டும் போனார். பொண்ணு விடுதியிலேயே இருந்தாள். தீர்மானப் புத்தகத்தில் நான்தான் எழுதினேன்.

அந்த அம்மா பிழைக்கவில்லை. ஆபரேஷன் ஒரு மாதம் தள்ளிப்போனதாலா, நோயே அப்படித்தானா, டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. பொண்ணு இப்போது பதினொன்றாவது படிக்கிறாள். அன்றைக்கு நாங்கள் செய்தது கடவுளின் வழிதானா என்று யாராவது கேட்டால், அப்படித்தான் நம்புகிறேன் என்பேன். நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். அந்த அக்கா முகத்தைப் பார்த்தவள் அப்படிச் சொல்லக் கூடாது.

இதோடு ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்துப்போனது உங்கள் எல்லாருக்கும் தெரியும். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் ஒருத்தர், "எல்லாம் கடவுள் சித்தம்மா" என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் விஷத்தைக் கலந்தது மனுஷன், விற்றது மனுஷன், பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்ததும் மனுஷன்தான். அதைக் கடவுள் பேரில் எழுதி வைத்தால் நமக்கு ஒரு வேலையும் இல்லை என்று ஆகிவிடும். அன்றைக்கு நான் பேசாமல் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்தவாரம் அவளுக்கு வங்கிக் கணக்குக்கும் இறப்புச் சான்றிதழுக்கும் அலைய ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.

நேரம் ஆகிவிட்டது, அக்கா மணியைப் பார்க்கிறார்கள். போன மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ராத்திரி பதினொன்றரை இருக்கும், கதவைத் தட்டுகிற சத்தம். நான் முழித்துத்தான் இருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அசையாமல் படுத்துக்கொண்டேன். தவணை கேட்கிறவர்கள் வாசலில் உட்கார்ந்த நாளிலிருந்து கதவுச் சத்தம் என்றாலே எனக்குப் பயம். இரண்டாவது தடவை தட்டினபோது "பெரியம்மா" என்று குரல் கேட்டது. ஆட்டை விற்றாளே, அவள்தான். மருமகளுக்கு வலி எடுத்துவிட்டது, 108-க்குச் சொல்லியாச்சு, பெரியாஸ்பத்திரிக்குக் கூட வர ஆள் இல்லை என்றாள். அவசரத்தில் ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் என் வீட்டுக்காரர் செருப்பு. விடியற்காலை நாலு மணிக்குப் பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ.