மங்கிய ஒளியில் பார்வை: மூலக்கூறும் மக்கள் நலமும்

(மும்பை மாதுங்காவில் கல்லூரி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருளில் பார்க்கும் திறனை வேதியியல் முறையால் பெருக்க இயலுமா என்று உங்களுள் ஒரு மாணவர் கேட்டிருந்தார். நான் பொருளாதாரம் பயின்றவன்; வேதியியல் அறிஞன் அல்லன். எனினும் இவ்வினாவில் ஒரு பொருளாதார வினாவும் அடங்கியிருப்பதால், இதனையே இன்றைய பேச்சுக்குப் பொருளாகக் கொள்கிறேன்.

விழித்திரையில் நிகழ்வது

நமது ஒவ்வொரு கண்ணின் விழித்திரையிலும் ஏறத்தாழ 12 கோடி கோல் உயிரணுக்கள் உள்ளன. மங்கிய ஒளியில் பார்க்க உதவுபவை இவையே. இவற்றில் ரொடாப்சின் என்னும் நிறமி நிறைந்துள்ளது. ஆப்சின் என்ற புரதமும் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறும் இணைந்ததே ரொடாப்சின். இருளில் ரெட்டினால் வளைந்த வடிவில் புரதத்தினுள் பொருந்தியிருக்கும். ஒளி பட்டதும், ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில், அது நிமிர்ந்துவிடுகிறது. இந்த அசைவே நரம்புச் செய்தியாகி மூளையை அடைகிறது. நிமிர்ந்த ரெட்டினால் புரதத்தைவிட்டுப் பிரிந்து, மறுபடியும் வளைந்த வடிவம் பெற்று இணையவேண்டும். வெயிலிலிருந்து இருட்டறைக்குள் நுழைந்தவரின் கண் முழுமையாகப் பழக அரைமணி நேரத்துக்கு மேல் ஆவது இதனால்தான். இத்துறையில் ஆராய்ந்த ஜார்ஜ் வால்டு, வேறு இருவருடன் 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ரெட்டினால் வைட்டமின் ‘ஏ’யிலிருந்து உண்டாகிறது. பால், முட்டை, ஈரல் ஆகியவற்றிலிருந்து இந்த வைட்டமினை நேரடியாகப் பெறலாம். கீரை, கேரட், பப்பாளி ஆகியவற்றிலுள்ள கரோட்டினிலிருந்தும் உடல் இதனை ஆக்கிக்கொள்ளும். இது குறையும்போது முதலில் மாலைக்கண் தோன்றுகிறது. முற்றினால் கருவிழியே சிதைந்து பார்வை அடியோடு போய்விடும்.

அங்ஙனமாயின் மிகுதியாக உண்டால் மிகுதியாகத் தெரியுமா? தெரியாது. போதிய நிறமி உருவான பின் எஞ்சுவது ஈரலில் தங்கும். அளவு மீறினால் நஞ்சாகும். இரண்டாம் உலகப் போரில், தம் விமானிகள் கேரட் உண்டதால் இரவில் கூர்மையாகப் பார்த்தனர் என்று பிரிட்டிஷார் பரப்பினர். உண்மையில் பகை விமானங்களைக் காட்டிக்கொடுத்தது ராடார் கருவியே. ஆகவே, இயற்கை வகுத்த எல்லைக்கு மேல் பார்வையைப் பெருக்க வைட்டமின் உதவாது. குறைபாட்டால் மங்கியதை மீட்கவே உதவும்.

தாராவியில் ஒரு வீடு

பணியில் சேர்ந்த புதிதில், 1990-களில், குடும்பச் செலவுக் கணக்கெடுப்புக்காகத் தாராவிக்குச் சென்றிருந்தேன். தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பம் அது. அரிசி, மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். அந்த அம்மையார் இடையில், “வெளக்கு வச்ச பொறவு பய செவத்தத் தடவிக்கிட்டே நடக்கான் ஐயா” என்றார். என் படிவத்தில் அதற்கு இடமில்லை. நானும் எழுதாமல் அடுத்த வீட்டுக்குச் சென்றுவிட்டேன். அடுத்த வாரம் விடுபட்ட விவரங்களுக்காக மீண்டும் போனபோது, அங்கன்வாடிப் பணியாளர் சிறுவனை அழைத்துச் சென்று மருந்து கொடுக்கச் செய்திருந்தார். இரண்டொரு நாளில் அவனுக்கு மாலையில் கண் தெரியத் தொடங்கியதாம். படித்த நான் கேட்டும் கேளாதவனாய்ப் போனதை அவர் கேட்டறிந்து செய்திருந்தார். அன்று அடைந்த வெட்கம் இன்னும் நீங்கவில்லை.

திட்டமும் படிப்பினையும்

குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் அலகு வைட்டமின் ‘ஏ’ புகட்டும் தேசியத் திட்டம் 1970-இல் தொடங்கியது. குன்னூரில் தோன்றி 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆய்வு நிலையமே அதற்கு அடிப்படை வகுத்தது. பின்னர், ஒன்பதாவது மாதத்தில் 1 லட்சம் அலகு கொடுத்துத் தொடங்கி, ஐந்து வயதுக்குள் ஒன்பது தவணை என முறைப்படுத்தப்பட்டது. 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் முதன்முதலாகத் தொடங்கிய 33 பகுதிகளுள் தாராவியும் ஒன்று.

ஆனால், மருந்து மட்டும் போதுமா? திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் வாரந்தோறும் சிறு அளவில் கொடுத்தபோது குழந்தை இறப்பு 54 சதவீதம் குறைந்ததாக 1990-இல் ஓர் ஆய்வு கூறியது. உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 10 லட்சம் குழந்தைகளிடையே ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெருந்தவணையாகக் கொடுத்த ஆய்வோ, இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை என்று 2013-இல் அறிவித்தது. இரு வட்டாரங்களின் நிலையும் வேறு என்பது மெய்யே. எனினும், அன்றாட உணவைப்போல் சிறுகச் சிறுகக் கிடைப்பதன் சிறப்பை இவை எண்ணிப்பார்க்கச் செய்கின்றன. 2016–18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 18 சதவீதத்தினரிடம் இக்குறைபாடு இருந்தது. எல்லோருக்கும் கொடுப்பதா, தேவைப்படுவோரைக் கண்டறிந்து கொடுப்பதா என்ற விவாதம் இதனாலேயே எழுந்துள்ளது.

நான் செம்பூரிலிருந்து வரும் வழியிலும், இந்த மாதுங்கா அங்காடியிலும் முருங்கைக்கீரை கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. அதன் விலையை நாம் கணக்கிடுகிறோம். நாள் முழுதும் உழைத்துவிட்டு வரும் தாய்க்கு, அதை ஆய்ந்து, சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைக்க ஆகும் நேரத்தை யாரும் கணக்கிடுவதில்லை. அந்த நேரமும் விலைதான். அங்கன்வாடி உணவில் கீரையும் முட்டையும் இடம்பெறவேண்டுவதன் பொருளாதாரக் காரணம் இதுவே.

அலுவலர்களாகிய நீங்களும், நாளை அலுவலர்களாகப் போகும் மாணவர்களும், எந்தக் கணக்கெடுப்புக்குச் சென்றாலும் படிவத்தில் இல்லாத ஒரு வினாவையும் கேளுங்கள்: “விளக்கு வைத்த பிறகு குழந்தைக்குக் கண் தெரிகிறதா, அம்மா?” ‘இல்லை’ என்ற விடை வந்தால், அடுத்த வீட்டுக்குப் போகுமுன் அங்கன்வாடிக்குச் செய்தி சொல்லுங்கள்.