சுவரில் நிமிர்ந்த மக்கள்: எமரி டக்ளஸின் ஓவியங்களை முன்வைத்து



அண்ணனின் நினைவுப் பேருரையில் ஓர் ஓவியரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் தோழர்கள் சிலர் தயங்கினார்கள். இலக்கிய அமைப்பின் மேடை இது. ஆனால் அண்ணன் கதையோ கவிதையோ எழுதியவர் அல்ல. நம் கூட்டங்களுக்குச் சுவரெழுத்து எழுதியவர். ராத்திரி நீல வாளியோடு கிளம்பினால் விடிவதற்குள் நான்கு ஊர்ச் சுவர்களை முடித்துவிட்டு வருவார். ஒருநாள் கண்டன ஆர்ப்பாட்டத்துக்கான சுவரொட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நம்ம ஆளுங்க செத்தாத்தாம்மா போஸ்டர்ல வர்றாங்க." அன்று என்னிடம் பதில் இல்லை. எமரி டக்ளஸின் படங்களைப் பார்த்த பிறகுதான் அந்தச் சொல்லின் கனம் புரிந்தது.

எமரி டக்ளஸ் 1943-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். சான்பிரான்சிஸ்கோவில் வளர்ந்தார். பதின்பருவத்தில் இளங்குற்றவாளிகளுக்கான சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை அச்சுக்கூடத்தில். பிறகு சான்பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியில் வணிக ஓவியம் படித்தார். ஒரு பொருளை விற்கக் கற்றுத்தரும் படிப்பு அது. அந்தத் தொழில்நுட்பத்தை அவர் மக்கள் பக்கம் திருப்பினார்.

1967 ஏப்ரல் 1 அன்று கலிபோர்னியாவின் வடக்கு ரிச்மண்டில் டென்சில் டவல் என்ற 22 வயதுக் கறுப்பின இளைஞரைக் காவல் துறையினர் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொலைக்கு நியாயம் கேட்டு, ஏப்ரல் 25 அன்று 'பிளாக் பாந்தர்' இதழின் முதல் இதழ் வந்தது. சைக்ளோஸ்டைல் செய்த சில தாள்கள், அவ்வளவுதான். விரைவில் டக்ளஸ் அதன் வடிவமைப்பாளர் ஆனார். கருஞ்சிறுத்தைக் கட்சி அவருக்குக் கொடுத்த பொறுப்பு, பண்பாட்டு அமைச்சர். ஓர் அடக்கப்பட்ட மக்களின் கட்சி ஓவியரை அமைச்சர் என்று அழைத்தது. இதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். நம் இயக்கங்களில் ஓவியருக்கு மேடையில் இடமுண்டா? பெரும்பாலும் மேடைக்குப் பின்னால் தட்டி கட்டும் இடத்தில்தான் அவரைத் தேட வேண்டும்.

அவருடைய வேலைமுறையைச் சொல்கிறேன். இதழின் விலை 25 சென்ட். காசு இல்லாததால் கறுப்போடு இன்னொரு வண்ணம் மட்டும்தான் சேர்க்க முடியும். மரச்செதுக்கு அச்சுபோல் தெரியும் தடித்த கோடுகளை வரைந்தார். கடைகளில் விற்ற புள்ளித்தாள்களை வெட்டி ஒட்டி நிழல் காட்டினார். நீண்ட கட்டுரையைப் படிக்க முடியாதவர்களும் படத்தையும் அதன் கீழே உள்ள வரியையும் பார்த்தே செய்தியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கணக்கு. கடைசிப் பக்கம் முழுவதும் சுவரொட்டியாகவே வரும். கிழித்துச் சுவரில் ஒட்டிவிடலாம். அவருக்குத் தெருதான் கண்காட்சிக்கூடம்.

அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்றுதானே பெயர் வைத்தார்? யாருக்காக அச்சிடுகிறோம் என்பதை விலையே சொல்லிவிடுகிறது.

டக்ளஸின் ஊற்றுக்கண்கள் எவை? சார்லஸ் வைட் என்ற கறுப்பின ஓவியர் உழைக்கும் மக்களை வரைந்த படங்கள் நாள்காட்டிகளில் வந்தன. சிறுவயதில் உறவினர் வீட்டில் அவற்றைப் பார்த்து வளர்ந்தார். நம் வீடுகளிலும் நாள்காட்டியில் இருந்த அம்பேத்கரைப் பார்த்துத்தானே நாம் வளர்ந்தோம்? அடுத்தது கியூபாவின் ஒருமைப்பாட்டுச் சுவரொட்டிகள். அவர்களிடம் இவர் கற்றார். இவர் வரைந்தவற்றை அவர்கள் எடுத்துத் தங்கள் சுவரொட்டியாக அச்சிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய தெருவே அவருக்கு ஊற்று: எலி ஓடும் வாடகை வீடு, கிழிந்த உடுப்போடு நிற்கும் அம்மா, பசித்த பிள்ளை. ஆனால் அந்த அம்மா கூனிக் குறுகி நிற்கமாட்டாள். நம்மை நேராகப் பார்ப்பாள். வறுமையைக் காட்டிய அதே கோட்டில் நிமிர்வையும் காட்டினார்.

1969-இல் கட்சி பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு கொடுக்கத் தொடங்கியது. பின்னாளில் மளிகைப் பைகளும் கொடுத்தது. தொடக்க காலப் படங்களில் துப்பாக்கி நிறைந்திருந்தது. எழுபதுகளில் சாப்பாட்டுப் பை, வாக்குச்சீட்டு, சிரிக்கும் குழந்தை ஆகியவை வந்து சேர்ந்தன. மக்களின் வேலைத்திட்டம் மாறியபோது படமும் மாறியது.

அவரை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. போலீஸைப் பன்றியாக வரைந்தது அவருடைய புகழ்பெற்ற உருவகம். அது நமக்கு ஆகாது. பன்றி வளர்த்துப் பிழைத்தவர்கள் நம்மில் உண்டு. அதற்காகவே இழிவு செய்யப்பட்டவர்கள் உண்டு. நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி' படம் பார்த்தவர்களுக்கு அந்த வலி தெரியும். 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தபோது பெயரை அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எழுதியது சேரியின் மொழியில். கோட்டுக்கும் அதே விதிதான்.

இப்போது அண்ணனின் சொல்லுக்கு வருகிறேன். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதே காலத்தில்தான் டக்ளஸ் வரைந்துகொண்டிருந்தார். வெண்மணி என்றதும் நாம் தீயை வரைகிறோம். கூலியைக் கூட்டிக் கேட்டு, கொடியேற்றி நின்ற அந்த மக்களின் முகத்தை எத்தனை முறை வரைந்திருக்கிறோம்? அவர்கள் எரிந்தது ஓர் இரவு. அதற்கு முன்னால் நிமிர்ந்து நின்றது பல மாதங்கள்.

கொடுமையை மறைக்கச் சொல்கிறேனா என்று ஒரு தோழர் கேட்கலாம். இல்லை. 1955-இல் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் கொல்லப்பட்டபோது, அவன் தாய் சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். சிதைந்த அந்த முகத்தின் படம் ஒரு தலைமுறையையே எழுப்பியது. ஆனால் அங்கே முடிவெடுத்தது தாய். இன்று நம் பிள்ளைகளின் சடலப் படம் குடும்பத்தைக் கேட்காமலே கைபேசிக்குக் கைபேசி போகிறது. எட்டு வயதுப் பெண் ஒருத்தி என் கைபேசியில் அப்படியொரு படத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஆளா அத்தை?" என்று கேட்டாள். சடலத்தைப் பார்த்துத்தான் தன் இனத்தை அவள் அடையாளம் கண்டாள். அன்றிலிருந்து அத்தகைய படங்களை நான் அனுப்புவதில்லை.

பிளாக் பாந்தர் இதழ் 1980-இல் நின்றது. டக்ளஸ் நிற்கவில்லை. மெக்சிகோவின் சியாபாஸில் சப்பாத்திஸ்தாப் பெண்கள் அவருடைய படங்களைத் தங்கள் பூவேலையில் தைத்துப் புதிதாக்கினார்கள். பெரிய அருங்காட்சியகங்கள் 2007 முதல்தான் கதவைத் திறந்தன. சுவர் அவரை நாற்பதாண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்டிருந்தது.

இந்த அமைப்பிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். நம் வெளியீடு ஒவ்வொன்றின் பின்னட்டையையும் நம் இளம் ஓவியர் ஒருவரிடம் கொடுங்கள். அதற்குக் கூலியும் கொடுங்கள். உயிரோடு இருக்கும் நம் மனிதர் ஒருவரை அவர் வரையட்டும். பறையடிப்பவராக இருக்கலாம், துப்புரவுப் பணி முடித்துத் தேநீர் குடிக்கும் அக்காவாக இருக்கலாம், கல்லூரிக்குப் பேருந்து ஏறும் பெண்ணாக இருக்கலாம். கிழித்து வீட்டுச் சுவரில் ஒட்டும்படி அது இருக்கட்டும். முதல் படமாக, வாளியும் தூரிகையுமாக ஏணியில் நிற்கும் அண்ணனையே வரையச் சொல்லுங்கள்.