தலைச்சுத்து என்று படுத்துவிட வேண்டாம்



நாங்கள் வந்திருப்பது மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள குருக்கள்மடத்திலிருந்து. எங்கட ஊரில் வயலில் நிற்கிறவருக்குத் தலை சுற்றினால் "வெயில் அடிச்சிட்டுது" என்போம். இங்கே கொழுந்தெடுக்கும்போது சுற்றினால் "காலையில சாப்பிடல்ல" என்பீர்கள். அநேகமாக அது சரியாகவே இருக்கும். சரியில்லாத அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேச வந்தோம்.

பாரிசவாதம் என்றதும் கை கால் இழுத்த கிழவர் ஒருவர்தான் நம் மனதில் வருவார். ஆனால் மூளையின் பின்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைபட்டால், கை கால் பலமாகவே இருக்கலாம். தலைச்சுத்தும் வாந்தியும்தான் முன்னுக்கு நிற்கும். 1895இல் ஜெர்மன் வைத்தியர் அடோல்ஃப் வாலன்பேர்க் இப்படியொரு நோயாளியைப் பற்றி எழுதினார். தலைச்சுத்து, முகத்தில் விறைப்பு, குரல் கம்மல், விழுங்க ஏலாமை. அந்த மனிதருக்கு வயது 38தான். இளம் வயதில் இதற்கு ஒரு முக்கிய காரணம், கழுத்து இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிவது. விழுந்ததாலும் கிழியலாம், சும்மாவும் கிழியலாம். பிடரியில் முன்பு இல்லாத நோவு வரும்.

படுக்கையில் புரளும்போது சுற்றி, ஒரு நிமிஷத்துக்குள் அடங்கினால் அது பெரும்பாலும் காதுக் கோளாறு. திடீரென்று தொடங்கி நிற்காமல் சுற்றுகிறதா? பிடித்துவிட்டாலும் நடக்க முடியவில்லையா? பேச்சுக் குளறுகிறதா? ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? அப்படியென்றால் லயத்தில் படுக்கவைக்காதீர்கள். சோடா, தேத்தண்ணி ஒன்றும் வேண்டாம், புரைக்கேறும். அஸ்பிரினும் வேண்டாம், அடைப்பா, இரத்தக் கசிவா என்று ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

கட்டியைக் கரைக்கும் ஊசியை, நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் அது இல்லை, எல்லாருக்கும் அது பொருந்தாது. எங்களுக்குக் களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி அதே பெரிய ரோட்டில். உங்களுக்கோ மலையிறங்கவே நேரம் போய்விடும். "பேர் போயிடுமே" என்று பின்னேரம் வரை பொறுத்தால் அந்த ஊசிக்கு வழியில்லை.

ஆஸ்பத்திரியில் வெறுமனே "தலைச்சுத்து" என்று சொன்னால், வாந்திக்கு மருந்து தந்து அனுப்பிவிடவும் கூடும். "நடக்க ஏலாது, பேச்சுக் குளறினது" என்று விளக்கமாகச் சொல்லுங்கள். பின்மூளை அடைப்பு முதல் ஸ்கேனில் தெரியாமல் போவதும் உண்டு. ஸ்கேன் சரி என்ற பிறகும் நடக்க முடியாவிட்டால் அதைத் திரும்பவும் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கட்டாயம் கேட்பார்கள். பக்கத்து நிரையில் நின்றவருக்குத்தான் அது தெரியும். முடிந்தால் அவரையே கூட அனுப்புங்கள்.