உணவு இயந்திரமும் நம் இளைஞர் கைத்திறனும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



படித்து முடித்தால் என்ன வேலை என்று பிள்ளைகள் கேட்கும்போது, அலுவலக நாற்காலி ஒன்றையே நாம் சுட்டிக்காட்டிப் பழகிவிட்டோம். அந்நாற்காலி வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் அது எல்லோருக்கும் கிட்டுவதில்லை. ஆகவே வேறொரு துறையை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். உணவுப் பொருள்களைப் பதப்படுத்தும் இயந்திரங்களையும் பொட்டலமிடும் இயந்திரங்களையும் தேவைக்கேற்பச் செய்து தருவதும், அவற்றின் பழுது நீக்குவதுமே அத்துறை.

ஏன் இத்துறை? நெல்லை விளைவித்தவர்கள் நாம், அறுத்தவர்கள் நாம், களத்தில் தூற்றி அளந்து கொடுத்தவர்களும் நாமே. அந்நெல் சோறான பின் நம் கை பட்டால் தீட்டென்றனர். தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்தனர். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. எனினும் ஆலைகளில் மூட்டை சுமப்போரிலும் சாம்பல் அள்ளுவோரிலும் நம்மவர் பலரை இன்றும் காண்கிறோம். மூட்டை சுமப்பவருக்கு முதலாளி கட்டளையிடுகிறார். இயந்திரம் நின்றுவிட்டால், பழுது பார்ப்பவரிடம் ‘என்ன செய்யலாம்?’ என்று அவரே வந்து கேட்கிறார். இவ்விரு நிலைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை நம் பிள்ளைகள் கல்வியால் கடக்க வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் இதை அன்றே உணர்ந்திருந்தார். 1942-இல் அரசப் பிரதிநிதிக்கு அளித்த கோரிக்கை மனுவில், அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கு உதவித்தொகை கேட்டதோடு அவர் நிற்கவில்லை. அரசு அச்சகங்களிலும் இரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளைத் தொழில் பழகுநர்களாகச் சேர்க்க வேண்டுமென்றும் கேட்டார். பட்டம் பெற்ற பேரறிஞர் பட்டறையையும் மறக்கவில்லை என்பதைச் சிந்தியுங்கள்.

தேவைக்கேற்ப இயந்திரம் செய்தல் என்பதற்கு நம் வீட்டு மாவரைக்கும் இயந்திரமே நல்ல சான்று. ஆட்டுரலில் உரல் அசையாது நிற்கும். கை குழவியைச் சுற்றும். 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி அவர்கள் மாவரைக்கும் இயந்திரத்தைச் செய்தார். அவ்வகை இயந்திரத்தில் உரல் சுழல, குழவி தன் இடத்திலேயே நின்று அரைக்கிறது. இட்லி மாவு அரைக்க வேண்டிய தேவை நம் ஊருடையது. அதற்கான விடையும் நம் ஊர்ப் பட்டறையிலேயே பிறந்தது.

அடுத்து, பழுது நீக்குதல். நவீன அரிசி ஆலையில் இரண்டு இரப்பர் உருளைகள் எதிரெதிராக, வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. அவ்வேக வேற்றுமையால் நெல்லின் உமி உரிகிறது. இடைவெளி குறைந்தால் அரிசி நொறுங்கிக் குருணையாகும். மிகுந்தால் நெல் உரியாமல் போகும். வேகமாகச் சுழலும் உருளை விரைவில் தேயும் என்பதறிந்து, இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டுவோர் உருளைகளின் ஆயுளை நீட்டிக்கின்றனர்.

பொட்டலமிடும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறையின் வாய் ஒட்டுவதற்குச் சூடு, அழுத்தம், நேரம் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். உறை பிரிந்தவுடன் சூட்டை மட்டும் ஏற்றுபவர் உறையைக் கருக்கிவிடுவார். ஒட்டுமிடத்தில் மாவுத்தூள் படிந்திருக்கிறதா, தாடைகள் நேராகப் பொருந்துகின்றனவா என்று முதலில் பார்ப்பவரே தொழிலாளி. காரணத்தை அறிந்து கருவியைத் தொடுவதற்குத்தான் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் கற்பிக்கிறோம்.

இத்தொழிலுக்கு ஓர் அறமும் உண்டு. உணவு படும் பாகங்களுக்கு, பதினெட்டு விழுக்காடு குரோமியமும் எட்டு விழுக்காடு நிக்கலும் கலந்த துருப்பிடிக்காத எஃகு பெரிதும் பயன்படுகிறது. அதைப் பற்றவைக்கும்போது சிறு பள்ளம் விட்டாலும் அங்கே மாவு தங்கிப் புளிக்கும், கிருமி வளரும். கழற்றிய நட்டு எத்தனை, பூட்டியது எத்தனை என்று எண்ணாமல் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. தவறிய ஒரு நட்டு எவர் வீட்டுக் குழந்தையின் வாய்க்கும் போய்ச் சேரலாம். அவ்வாறே, மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து, எவரும் மீண்டும் இணைத்துவிடாதபடி பூட்டி, சாவியைத் தம்மிடம் வைத்துக்கொண்ட பின்னரே கையை உள்ளே விட வேண்டும். அவசரப்படுத்தும் மேலாளருக்காக விரலை இழக்காதீர்கள்.

வழிகள் உள்ளன. தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலெக்ட்ரீசியன் பிரிவுகள் இருக்கின்றன. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தில், 1973-இல் செய்த திருத்தம் நமக்கு இட ஒதுக்கீடு அளித்தது. சொந்தப் பட்டறை தொடங்க விரும்புவோர், 1974-இல் நிறுவப்பட்ட தாட்கோவை அணுகலாம். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், 35 விழுக்காடு மூலதன மானியத்துடன் வட்டிச் சலுகையும் தருவதாக அமைந்தது. பெற்றோரே, இவற்றுக்கு மகனை மட்டும் அனுப்பாதீர்கள், மகளையும் அனுப்புங்கள். மைக்ரோமீட்டரைப் படிக்கக் கண்ணும் கவனமும் போதும்.

சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் ஒன்று. மாலைப் பாட வகுப்புகளோடு, வரைபடம் படிக்கவும் அளவுக் கருவிகளைக் கையாளவும் வார வகுப்பொன்று தொடங்குங்கள். நம்மிடையே பட்டறைத் தொழில் அறிந்தவர்கள் இருக்கின்றனர். அவர்களை ஆசிரியர்களாக அழையுங்கள்.

இரண்டு உருளைகளின் இடைவெளியைச் சரிசெய்பவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று நெல் கேட்பதில்லை. மனிதர்கள் கேட்கக்கூடும். அப்போது தலைநிமிர்ந்து நம் தெருவின் பெயரைச் சொல்லும் துணிவை, கற்ற தொழில் உங்களுக்குத் தரட்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.